மே எட்டு

சகார் விமான நிலையம், கவுண்டர் எழுபத்து மூன்று,
இரவு பத்து மணி.
கணினியே சொல்லிவிடும், இருந்தாலும் நான்
விரல் கணுக்களில் எண்ணிப் பார்ப்பேன்.
டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி.
விரலுக்கு மூன்று கணு,
இரண்டு விரலில் அரை வருடம் முடிந்துவிடும்.

கோலாலம்பூருக்குப் பதினோரு பேர்.
தாராவி பெல்ட் பட்டறை மொத்தமும்
ஒரே கடையில் எடுத்த நீலச் சட்டையில்.
இரண்டு வருடம் சீட்டுப் போட்டுச் சேர்த்தது என்று
நான் கேட்காமலே சொன்னார் ஒருவர்.
பத்துப் பேருக்கு போர்டிங் அட்டை வந்தது.
பதினோராவது புத்தகம்
அதிசயராஜ் செல்லத்துரை.
படத்தில் இருந்த மீசைக்கு ஒன்பதரை வயது குறைவு.
காலாவதி, மே எட்டு.
இன்று நவம்பர் பன்னிரண்டு,
இறங்குவது நாளை.
இரண்டாம் விரலின் கடைசிக் கணுவில்
ஐந்து நாள் இல்லை.

"விசாவே வேணாம்னு டிவியில சொன்னாங்களே மேடம்?"

வேண்டாம்தான்.
திரும்பி வரும் டிக்கெட் வேண்டும்.
தங்க அறை எடுத்த காகிதம் வேண்டும்.
மூன்று நாளுக்குள் நிரப்பிய வருகைப் படிவம் வேண்டும்.
கேட்டால் காட்டக் காசு வேண்டும்.
இறங்கும் நாளிலிருந்து இன்னும் ஆறு மாதம்
உயிரோடிருக்கும் புத்தகம் வேண்டும்.

"மே எட்டு வரைக்கும் செல்லும்னுதான போட்டிருக்கு?
கவர்மென்ட்டு போட்டது பொய்யா?"

பொய் இல்லை என்றேன்.
எப்படிச் சொல்ல,
அச்சில் இருப்பது ஒரு சாவு,
அதற்கு ஆறு மாதம் முன்னால்
சொல்லாமல் வருவது இன்னொன்று என்று?
மாத்ரே சாரைக் கூப்பிட்டேன்.
புரட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.
ஏற்றினால் அங்கிருந்து திருப்பி அனுப்புவான்,
அபராதம் நம் தலையில் என்றார்
மராத்தியில்.
அதிசயராஜுக்கு மராத்தி தெரியும்.

"அப்ப நாங்களும் போகல" என்றான் இருப்பதில் இளையவன்.
மற்றவர்கள் அது காதில் விழாததுபோல்
மணி பார்த்தார்கள்.

"போங்கடா" என்றார் அவர்.
கூட்டுச் செலவுக் கணக்கு அவரிடம்தான் போல.
இடுப்புப் பையிலிருந்து
ரப்பர் பேண்ட் போட்ட ரிங்கிட் கட்டை எடுத்து
எண்ணாமல் கொடுத்தார்.
பிறகு என்ன தோன்றியதோ,
ஒரே ஒரு தாளை உருவித்
தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

உள்ளே வந்தவர் வெளியே போவது
இங்கே சுலபம் இல்லை.
நான் கூடவே நடக்க வேண்டும்.
பெட்டிச் சக்கரம் ஒன்று
நாற்பது அடிக்கு ஒருமுறை சிக்கியது,
அவர் காலால் தட்டித் தட்டிச் சரிசெய்தார்.
பேசவில்லை.
நானும் என்ன பேச,
புதுப்பிக்க தத்காலில் சில நாள் போதும் என்றா?

வாசலில் பெரிய பதிவேடு.
பெயர், விமானம், நேரம், கையெழுத்து.
காரணம் எழுதும் கட்டம் மட்டும்
ஒரு விரல் அகலம்.
"என்ன எழுதுனீங்க?"
"தேதி குறைவு."
"எனக்கா, அதுக்கா?"
கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.
நான் சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள்
ஜவான் என் கழுத்து அட்டையைத் திருப்பிப் பார்த்தான்.
டிசம்பர் முப்பத்தொன்று.
இன்னும் ஏழு வாரம்;
இந்த வாசலுக்கு அது போதும்.

ஆட்டோ பிடிக்கத்தான் போவார் என்று நினைத்தேன்.
கண்ணாடிக்கு அப்பால்
வழியனுப்ப வந்தவர்கள் முண்டும் கம்பிக்குப் பின்னால்
யாருடைய சொந்தமோ இருவருக்கு நடுவில்
இடம் கேட்டு வாங்கிப் போய் நின்றார்,
பெட்டியைக் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு.
உள்ளே பத்து நீலச் சட்டைகள்
குடியேற்ற வரிசை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தன.
கையை நன்றாகத் தூக்கி ஆட்டினார்.
அங்கிருந்து பார்த்தால் தெரியாது.
எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

திரும்பி வந்து உட்கார்ந்தேன்.
அடுத்த புத்தகம் ஒரு கைக்குழந்தையுடையது,
படத்தில் கண் மூடியிருந்தது.
பெருவிரலை
ஆள்காட்டி விரலின் முதல் கணுவில் வைத்தேன்.